வெளியே சொல்லாத வேதனை: மலச்சிக்கலும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

பாரிசின் வடபுறத்தே எமது அடுக்குமாடியில் வசிக்கும் அண்ணர் ஒருவர் சென்ற பங்குனி மாதத்தில் ஒரு மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். உணவகம் ஒன்றின் சமையற்கூடத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்பவர், வயது 47. கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதனுள்ளே வெறுமையான மருந்துக் குப்பிகள் மூன்று, பாதி தீர்ந்த தவிட்டுப் பொதி ஒன்று, வைத்தியர் எழுதிக் கொடுத்த வலிநிவாரணி மாத்திரைகள். "மாஸ்ரர், இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

ஐந்து ஆண்டுகளாக அவருக்கு மலம் ஒழுங்காகக் கழிவதில்லை. நான்கு நாட்கள், ஐந்து நாட்கள் செல்லும். வயிறு உப்பும், முறுக்கி வலிக்கும், கழிந்தபின் வலி சற்றே தணியும். இரண்டு முறை வைத்தியரிடம் சென்றிருக்கிறார். மொழிபெயர்ப்பதற்குப் பதின்மூன்று வயது மகள் பாடசாலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் சென்றாள். "அப்பாவுக்கு வயிறு நோகுதாம்" என்பதை மட்டும் அவள் சொன்னாள். மிகுதியைத் தகப்பனும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னாலை இதை எப்பிடி மாஸ்ரர் சொல்லுறது?" என்று என்னிடம் கேட்டார். வைத்தியர் வலிக்கு மருந்து எழுதினார். அம்மருந்தில் அபின் வழிவந்த கோடீன் என்னும் பொருள் கலந்திருந்தது. குடலின் அசைவை மந்தப்படுத்தி மலச்சிக்கலை உண்டாக்குவது அதன் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தால், நோயைக் கூட்டும் மருந்தே நோய்க்கு மருந்தாயிற்று.

குப்பிகள் மூன்றும் 'புரோபயோட்டிக்' எனப்படும் நுண்ணுயிர்க் குளிசைகள். ஒரு குப்பி 40 யூரோ என்றார். இந்தக் கட்டுரை அந்தப் பையிலிருந்து பிறந்தது.

நோயின் இயல்பு

அண்ணருக்கு இருப்பதை வைத்தியர்கள் 'ஐ.பி.எஸ்.' என்று சுருக்கமாக அழைக்கின்றனர். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'சினங்கொள்ளும் பெருங்குடல்' என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. இந்நோயில் குடலைப் படம் பிடித்தாலும் உட்குழாய் செலுத்திப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தெரிவதில்லை. ஆயினும் வலி மெய்யானது. குடலின் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் உள்ளன. அவை மூளையுடன் ஓயாது செய்தி பரிமாறுகின்றன. இந்த உரையாடல் பிசகும்போது குடலின் அசைவு ஒழுங்கு குலைகிறது. சாதாரணமான வாயுவும் அசைவும்கூட வலியாக உணரப்படுகின்றன.

2016 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட 'ரோம்' வரையறையின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளேனும் வயிற்றுவலி இருக்க வேண்டும். அறிகுறிகள் தொடங்கி ஆறு மாதங்களேனும் ஆகியிருக்க வேண்டும். அந்த வலி மலம் கழித்தலுடன் தொடர்புற்றிருத்தல், எத்தனை தடவை என்பதில் மாற்றம், மலத்தின் உருவில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது காணப்பட வேண்டும். இந்நோய் சிலருக்கு வயிற்றோட்டமாகவும், சிலருக்கு மலச்சிக்கலாகவும், சிலருக்கு இரண்டும் மாறிமாறியும் வரும். வலியே இல்லாத வெறும் மலச்சிக்கல் இந்நோய் ஆகாது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதிற்கொள்ள வேண்டும். ஏனெனில் வெறும் மலச்சிக்கலுக்கு உதவும் சில உணவுகள் இந்நோயாளருக்குத் துன்பம் தருவதுண்டு.

புலம்பெயர் வாழ்வும் குடலும்

இந்நோய் எல்லா இனத்தவருக்கும் வருவதே. எனினும் எமது மக்களின் இன்றைய வாழ்க்கை முறை மலச்சிக்கலுக்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. ஊரில் குத்தரிசிச் சோறு, குரக்கன், கீரை, பயறு உண்டவர்கள் இங்கே தீட்டிய வெள்ளை அரிசியும் பாணுமாக வாழ்கின்றனர். நள்ளிரவு தாண்டி வேலை முடித்து உண்கின்றனர்; அதிகாலையில் உறங்குகின்றனர். குளிர்காலத்தில் தாகம் தெரியாததால் தண்ணீர் குடிப்பது குறைகிறது. வேலை நேரத்தில் மலகூடம் செல்ல மேலாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதால் உந்துதலை அடக்கிக்கொள்கின்றனர். தஞ்சம் கோருவோர் விடுதிகளில் பலருக்கும் பொதுவான மலகூடத்தின் முன் வரிசை நிற்கும். அங்கும் இதே கதைதான். அடக்கப்படும் உந்துதல் மெல்ல மெல்ல மங்கிப்போகும். தங்கி நிற்கும் மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது மேலும் இறுகும்.

இவற்றோடு மனச்சுமையும் சேர்கிறது. பெரும் அதிர்ச்சிகளுக்கு ஆளானவர்களிடையே ஐ.பி.எஸ். கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. போரையும் கடலையும் கடந்து வந்து, தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகத் தபாற்பெட்டியைப் பார்த்துக் காத்திருக்கும் ஒருவரின் குடல் அமைதியாக இருக்கவில்லையெனில் அதில் வியப்பில்லை. இதனை "எல்லாம் மனப்பிரமை" என்று தட்டிக்கழிப்பது அறியாமை.

நாடு நீங்கிய ஒருவரின் சிந்தனை

நன்மை தரும் நுண்ணுயிர்களை உண்டு உடலைப் பேணலாம் என்ற எண்ணம் பரவியது பாரிசிலிருந்துதான். இன்றைய உக்ரேனின் கார்கிவ் நகருக்கு அண்மையில் 1845 இல் பிறந்த இலியா மெச்னிகோவ், 1888 இல் ஒடெசாவை விட்டு நீங்கி இந்நகரின் பஸ்தர் நிறுவனத்தில் ஆய்வுக்கூடம் பெற்றார். நோயெதிர்ப்புப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1908 இல் போல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளே முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், புளித்த பாலிலுள்ள பற்றீரியாக்கள் அவற்றை அடக்கும் என்றும் அவர் கருதினார். பல்கேரிய மாணவரான ஸ்ரமென் கிரிகொரோவ் 1905 இல் ஜெனீவாவில் தமது நாட்டு யோகட்டிலுள்ள பற்றீரியாவை இனங்கண்டமை அவருக்கு ஊக்கமளித்தது. சலோனிக்காவில் பிறந்து பார்சலோனாவில் குடியேறிய யூதரான ஐசக் கராசோ 1919 இல் யோகட் தயாரித்து மருந்துக்கடைகளில் விற்கத் தொடங்கினார். யப்பானில் மினோரு சிரோற்றாவின் புளித்த பானம் 1935 இல் சந்தைக்கு வந்தது.

மெச்னிகோவின் முதுமைக் கோட்பாடு நிலைக்கவில்லை. அவர் எழுப்பிய வினா நிலைத்தது. எம் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்வதாக 2016 இல் வெளியான ஒரு கணிப்புக் கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. ஐ.பி.எஸ். நோயாளர் பலரில் இக்குடித்தொகையின் அமைப்பு வேறுபட்டிருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. அவ்வாறாயின், குறைந்ததை வெளியிலிருந்து ஊட்டலாமா?

குப்பியில் வரும் நுண்ணுயிர்கள்

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயோட்டிக் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001 இல் வரையறுத்தது. 'போதிய அளவு', 'உயிருள்ள', 'நன்மை தரும்' என்னும் மூன்று சொற்களும் முக்கியமானவை. கடையில் உள்ள எல்லாக் குப்பிகளும் இம்மூன்றையும் நிறைவேற்றுவதாக எண்ணிவிடக் கூடாது.

மேலும், பற்றீரியாவின் பேரினமும் இனமும் ஒன்றாயிருந்தாலும் அதன் குலவகை வேறாயின் பயனும் வேறாகும். ஒரே ஊரவர் என்பதால் எல்லோரும் ஒரே தொழில் தெரிந்தவராகிவிடுவதில்லை அல்லவா? 'பிபிடோபற்றீரியம் லக்ரிஸ்' என்னும் இனத்தின் சில குலவகைகள் மலம் குடலைக் கடக்கும் நேரத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உள்ளன. அதே இனத்தின் வேறொரு குலவகை மலச்சிக்கலில் பயனளிக்கவில்லை என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஆகவே குப்பியில் "பல கோடி நல்ல பற்றீரியா" என்று எழுதியிருப்பது மாத்திரம் ஒன்றையும் உறுதிப்படுத்தாது.

நிபுணர் சங்கங்களின் கருத்தும் ஒன்றுபட்டதாக இல்லை. ஆய்வு நோக்கிலன்றி ஐ.பி.எஸ். நோய்க்குப் புரோபயோட்டிக் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று ஓர் அமெரிக்கச் சங்கம் 2020 இல் கூறியது. மற்றொன்று 2021 இல் வேண்டாம் என்றே ஆலோசனை கூறியது. பிரித்தானியச் சங்கமோ, பொதுவாகச் சிலருக்கு உதவக்கூடும் எனினும் இன்ன குலவகை என்று குறித்துச் சொல்ல இயலாது எனவும், விரும்பினால் 12 வாரங்கள் வரை முயன்று பார்த்துப் பயனில்லையேல் நிறுத்திவிட வேண்டும் எனவும் 2021 இல் வழிகாட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பால்வெல்லத்தைச் செரிக்க யோகட் பற்றீரியாக்கள் துணைபுரியும் என்பதைத் தவிர, மலச்சிக்கல் தீரும் என்னும் புரோபயோட்டிக் உரிமைகோரல் எதற்கும் அனுமதி வழங்கப்படவில்லை.

இதன் பொருள் புரோபயோட்டிக் ஏமாற்று என்பதல்ல. அது ஒரு பரீட்சார்த்தம். மருத்துவ உத்தரவாதம் அல்ல. வசதியுள்ளவர் ஒரே வகையை, ஒரே அளவில், குறைந்தது நான்கு வாரங்கள் எடுத்துக் குறிப்பெழுதிப் பார்க்கலாம். அண்ணரைப் போல மாதம் ஒரு குப்பியாக மாற்றிக்கொண்டே போனால் எது உதவியது, எது உதவவில்லை என்பது ஒருபோதும் தெரியவராது. நோயெதிர்ப்பு மிகக் குன்றியவர்களும் கடும் நோயுற்றவர்களும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது.

நுண்ணுயிர்களுக்கு உணவு

உயிரியை விழுங்குவதற்குப் பதிலாக, ஏற்கெனவே உள்ளே வாழும் நல்ல உயிரிகளுக்கு உணவிடலாம் என்பது மற்றைய வழி. அத்தகைய உணவுக்கு 'பிரீபயோட்டிக்' என்ற பெயரை 1995 இல் கிளென் கிப்சனும் மார்செல் ரொபர்ஃப்ருவாவும் சூட்டினர். தாய்ப்பாலிலேயே குழந்தைக்குச் செரியாத, ஆனால் அதன் குடற்பற்றீரியாக்களுக்கு உணவாகும் சர்க்கரைகள் உள்ளன. வெங்காயம், உள்ளி, கோதுமை, சிக்கரிக் கிழங்கு ஆகியவற்றிலுள்ள இனுலின் முதலான பொருட்கள் இவ்வகையின. பற்றீரியாக்கள் இவற்றை நொதிக்கச் செய்து, பெருங்குடற் கலங்களுக்கு உணவாகும் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. நாளொன்றுக்கு 12 கிராம் சிக்கரி இனுலின் மலம் கழியும் தடவைகளைக் கூட்டும் என்ற உரிமைகோரலை ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் அனுமதித்தது.

ஆனால் இங்கேதான் ஐ.பி.எஸ். நோயாளர் விழிப்பாயிருக்க வேண்டும். நொதித்தல் நடந்தால் வாயுவும் உண்டாகும். நலமுள்ள குடல் அதனைப் பொருட்படுத்தாது. சினங்கொள்ளும் குடல் அதனைத் தாங்காது. வாயுவையும் உப்பலையும் உண்டாக்கும் உணவுகளைச் சில வாரங்கள் குறைத்துப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் உணவுமுறை ஒன்றை மெல்பேணிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் வகுத்தனர். அவர்கள் குறைக்கச் சொல்லும் பட்டியலில் வெங்காயமும் உள்ளியும் முன்னணியில் உள்ளன. அதாவது, ஒருவருக்கு நல்லுணவாகும் பிரீபயோட்டிக் மற்றவருக்கு வலியைக் கொண்டுவரலாம்.

தவிடா, இசப்கோலா?

நார்ச்சத்து என்றதும் பலரும் தவிட்டையே எண்ணுகின்றனர். நெதர்லாந்தில் 275 ஐ.பி.எஸ். நோயாளரிடம் செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வு ஒன்று இதனைச் சோதித்தது. ஒரு பகுதியினருக்கு 10 கிராம் கோதுமைத் தவிடு, மறு பகுதியினருக்கு 10 கிராம் இசப்கோல் உமி, மூன்றாவது பகுதியினருக்கு வெறும் அரிசிமா என 12 வாரங்கள் கொடுக்கப்பட்டது. இசப்கோல் எடுத்தவர்களுக்கு நோயின் கடுமை குறைந்தது. தவிடு எடுத்தவர்களில் பலர் வேதனை கூடியதால் இடைநடுவில் விலகிக்கொண்டனர்.

இதன் காரணம் எளிது. தவிடு நீரில் கரையாத, கரடுமுரடான நார். இசப்கோல் நீரை ஈர்த்து வழுவழுப்பான கூழாகி மலத்தை மிருதுவாக்குகிறது. மிகச் சிறிதளவே நொதிப்பதால் வாயுவும் குறைவு. இந்தியாவில் விளையும் இந்த உமி ஐரோப்பியக் கடைகளில் 'சிலியம்', 'இஸ்பகுலா' என்னும் பெயர்களில் விற்கப்படுகிறது. எமது கடைகளில் 'இசப்கோல்' என்று கேட்டால் தருவார்கள். நுண்ணுயிர்க் குளிசைகளைவிட விலையும் மிகக் குறைவு. நுண்ணுயிர்க் குளிசையில் முரண்படும் சங்கங்கள் கரையும் நார் விடயத்தில் உடன்படுகின்றன.

எடுக்கும் முறை முக்கியம். நாளுக்கு 3 அல்லது 4 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியுடன் தொடங்க வேண்டும். ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து, இறுக முன்னர் உடனே குடிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முதல் நாளே மூன்று கரண்டி போட்டால் வயிறு உப்பும். "இதுவும் சரிவரவில்லை" என்று கைவிட நேரும். படுக்கப்போகும் வேளையில் எடுக்கலாகாது. வேறு மருந்துகளுக்கும் இதற்கும் இடையே இரண்டு மணி நேரம் விட வேண்டும். விழுங்குவதில் சிரமமுள்ளவர்களும் குடல் ஒடுங்கியவர்களும் இதனைத் தவிர்க்க வேண்டும்.

எமது குசினியில்

உள்ளியின் வாசம் இல்லாமல் கறி எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. உள்ளியில் வாயுவை உண்டாக்கும் பொருள் எண்ணெயில் கரைவதில்லை. உள்ளியை முழுதாக எண்ணெயில் வதக்கி, வாசம் இறங்கியதும் எடுத்துவிட்டால் சுவை நிற்கும்; தொல்லை நீங்கும். பருப்பையும் கடலையையும் நன்றாக ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு அவித்தால் வாயு குறையும். இரண்டு பச்சைக் கிவிப் பழங்களைத் தினமும் உண்டவர்களுக்கு மலம் கழிவது இலகுவானதாக நியூசிலாந்து, இத்தாலி, யப்பான் ஆகிய நாடுகளில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் மலச்சிக்கல் வகை ஐ.பி.எஸ். நோயாளரும் அடங்குவர். அரைத்த ஆளிவிதை நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை தண்ணீருடன் சேர்க்கலாம். தயிர் ஒத்துக்கொள்பவர்கள் தயிரை விடவேண்டியதில்லை. ஆனால் வீட்டுத் தயிர் நல்ல உணவேயன்றி, அளவறிந்த மருந்து அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் நாம் குந்தியிருந்தே மலம் கழித்தோம். இங்குள்ள உயர்ந்த இருக்கையில் அமரும்போது மலக்குடலின் வளைவு முழுமையாக நேராவதில்லை. காலடியில் ஒரு சிறு முக்காலியை வைத்து முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி அமர்ந்தால் முக்குவது குறையும். காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே அசையும். அந்த வேளையில் அவசரமின்றிப் பத்து நிமிடம் ஒதுக்குவது நல்ல பழக்கம்.

எப்போது தாமதிக்கக் கூடாது

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச்சோகை, காய்ச்சல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொடர்ந்த வாந்தி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடற்புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் இசப்கோலையும் குளிசையையும் ஒருபுறம் வைத்துவிட்டு உடனே வைத்தியரைக் காண வேண்டும். 50 வயதைக் கடந்த பெண்களுக்கு ஓயாத வயிற்று உப்பல் புதிதாக வந்தால் சூலகத்தையும் சோதிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைகள், கோடீன் கலந்த வலிநிவாரணிகள், சில மனச்சோர்வு மருந்துகள், சில இரத்தஅழுத்த மருந்துகள் மலச்சிக்கலை உண்டாக்கும். தைரொயிட் சுரப்புக் குறைவும், எம்மவரிடையே மிகுந்துள்ள நீரிழிவும்கூட இதற்குக் காரணமாகலாம்.

வைத்தியரிடம் செல்லுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்து விடயங்களை எழுதிச் செல்லுங்கள்: எத்தனை நாளுக்கொருமுறை, இறுகியதா இளகியதா, வலி எப்போது, இரத்தம் உண்டா, வேறு என்ன மருந்துகள். மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். பிள்ளை வெட்கப்படும், தாய் தந்தையர் மறைப்பர், வைத்தியர் தவறுவார். மூவரிலும் குற்றமில்லை. எனினும் துன்பம் மட்டும் எஞ்சும்.

சித்திரை மாதத்தில் அண்ணருடன் நானே சென்றேன். வைத்தியர் மேசை லாச்சியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பிரிஸ்ரல் நகர வைத்தியர்கள் 1997 இல் வெளியிட்ட அளவுகோல் அது; ஆட்டுப் புழுக்கை போன்றது முதல் தண்ணீர் போன்றது வரை மலத்தின் ஏழு வடிவங்கள் அதில் வரையப்பட்டிருந்தன. அண்ணர் ஒரு சொல்லும் பேசாமல் முதலாவது படத்தில் விரலை வைத்தார். ஐந்து ஆண்டுகளாகச் சொல்ல முடியாதது ஒரு கணத்தில் சொல்லப்பட்டது. வைத்தியர் கோடீன் மாத்திரையை நிறுத்தினார்; இரத்தப் பரிசோதனைகள் செய்வித்தார்; அவற்றில் குறையொன்றும் இல்லை. இசப்கோலை ஒரு கரண்டியுடன் தொடங்கச் சொன்னார்.

மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. நோய் அடியோடு நீங்கிவிடவில்லை. வேலை கடுமையான வாரங்களில் வலி இப்போதும் வருகிறது. ஆனால் இரண்டு நாளுக்கொருமுறை சிரமமின்றிக் கழிகிறது. குளிசைகளுக்குச் செலவிட்ட பணத்தில் மகளுக்கு ஓர் அகராதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவள் இப்போது அப்பாவின் வைத்தியத்துக்காகப் பாடசாலைக்கு விடுப்பு எடுப்பதில்லை.